10க்கு 12 தாம்பூலப் பை: 28 ரூபாயா, 75 ரூபாயா?

நூல்கண்டு:
கணக்கை முதலில் வைக்கிறேன், அப்புறம் சண்டை போடலாம். கல்யாணத் தாம்பூலப் பை. தட்டையாக வைத்து அளந்தால் 10 இஞ்ச் அகலம், 12 இஞ்ச் உயரம். அடி தட்டையாக நிற்க 3 இஞ்ச்சுக்கு மூலை மடித்துத் தைத்தது, அதாவது மூலை கட்டியது. அச்சிட்ட காட்டன், லைனிங் இல்லை, அதே துணியில் கைப்பிடி. ஆர்டர் 200 பை. துணி மீட்டர் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

10 மீட்டரை நனைத்துக் காயவைத்தால் 40 பை வரும். ஒரு பைக்குத் துணி 27.50. நூல் 1. வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு, பிசிறு நறுக்கி முடிக்க 15 நிமிடம். மணிக்கு 75 ரூபாய் கூலி போட்டால் 18.75. கரண்ட், ஊசி, எண்ணெய், மெஷின் ரிப்பேருக்கு 1.50. பேர் அச்சடிக்க ஸ்கிரீன், சாம்பிள் பை, துணி வாங்கப் போய்வரும் செலவு எல்லாம் மொத்தமாக 600, அதை 200ஆல் வகுத்தால் 3. கட்டி அனுப்ப 1.50. கழிந்துபோகும் பைகளுக்கு 1.50. அடக்கம் 54.75. விற்கும் விலையில் கால்பங்கு லாபம் என்றால் 73, அதனால் 75.

இதற்கு வரும் ஒரே பதில், "ஈரோட்டில் 28 ரூபாய்க்குத் தர்றாங்களே" என்பதுதான். 75 நியாயம் என்பது என் கட்சி.

பெருந்துறை ரோடு:
28 ரூபாய்க்குத் தர முடியுமுங்க. தர்றவங்களுக்கு அதிலேயும் லாபம் நிக்கும். நீங்க 15 நிமிஷம் எடுத்தா அது உங்க வேகம், அதுக்கு வாங்கறவங்க ஏனுங்க காசு கொடுக்கணும்? விலையைச் சந்தைதான் சொல்லும். கோயம்பேடு மார்க்கெட்ல மெஷின்ல 10 ரூபா போட்டா மஞ்சப்பை வருது. 200 பேருக்குக் கொடுக்கற பைக்கு 15,000 ரூபாய்னா மண்டபத்துக்காரனே பரவால்லைன்னு ஆயிரும்.

சுருக்குப்பை:
மஞ்சப்பையை இழுக்காதீங்க அண்ணே. அது 2021 டிசம்பரில் அரசு ஆரம்பித்த இயக்கம், பிளாஸ்டிக் பையைக் கைவிட வைப்பதற்கான விலை. கல்யாணப் பைக்கு அது படிக்கல் ஆகாது. 28 ரூபாய்ப் பை எந்த அளவு, எந்தத் துணி என்று சொல்லுங்க. சில பேர் காட்டுவது நான்-ஓவன் பை. பார்க்கத் துணி மாதிரி இருக்கும், அத்தனையும் பாலிபுரொப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பட்டியலில் நான்-ஓவன் கைப்பையும் இருக்கிறது.

பெருந்துறை ரோடு:
நான்-ஓவன் இல்லீங்க, காட்டன்தான். 8க்கு 10 சைஸ். 58 இஞ்ச் பன்னாவுல, அதாவது துணி அகலத்துல, மொத்தமா எடுத்த காடா, வெளுக்காத காட்டன், மீட்டர் 60 ரூபாய்னு போடுங்க. ஒரு பைக்கு 8.75 அகலம், 22 நீளம் வெட்டு. குறுக்கே 6 பை, 10 மீட்டருக்கு 17 வரிசை, ஆக 102 பை. துணிச் செலவு 6 ரூபாய்கூட ஆகலை. நாற்பது மடிப்பு அடுக்கி மெஷின்ல ஒரே வெட்டு. மிச்சம் 22 ரூபாயில நாடா, தையல், அச்சு, லாபம் எல்லாம் அடங்கிருமுங்க.

கத்தரிக்கோல்:
இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பேசுகிறீர்கள். 8க்கு 10 பைக்கு அடியில் 3 இஞ்ச் மூலை கட்டினால் மிஞ்சுவது 5 இஞ்ச் முகப்பு, எட்டரை இஞ்ச் உயரம். உரித்த தேங்காய் ஒன்றை இறக்கினாலே அகலம் முடிந்துவிடும்; வாழைப்பழம் நசுங்கும், வெற்றிலை மடங்கும். 10க்கு 12 பை 7 இஞ்ச் முகப்பும் பத்தரை உயரமும் தரும். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் வரை தாங்கும். 28ஐயும் 75ஐயும் பக்கத்தில் வைப்பதற்கு முன், பைக்குள் என்ன போகிறது என்று கேட்க வேண்டும். வெற்றிலை பாக்கும் சாத்துக்குடியும் மட்டும் என்றால் பெருந்துறைக்காரரிடமே வாங்கச் சொல்லுங்கள், அதுதான் நேர்மை.

ஆனால் நூல்கண்டு அக்கா, உங்கள் 75லும் ஓட்டை இருக்கிறது. அதே துணியில் கைப்பிடி ஏன்?

நூல்கண்டு:
பார்வைக்குத்தான். நாடா வைத்தால் கடைப் பை மாதிரி இருக்கும்.

கத்தரிக்கோல்:
அந்தப் பார்வையின் விலையைப் பார்ப்போம். 44 இஞ்ச் பன்னாவில் இரண்டு பக்கக் கரையையும் கழித்தால் 43தான் உபயோகம். பைக்கு 10 இஞ்ச், இரு பக்கத் தையலுக்கு அரை அரை விட்டால் 11. குறுக்கே மூன்று பைதான் விழும், 10 இஞ்ச் துண்டு வீணாகும். இரு பக்கமும் சேர்த்து முக்கால், அதாவது பக்கத்துக்கு 3/8 விட்டால் 10.75, நான்கு பை கச்சிதம். இதை நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் 40 வராது. நீளம் 27: உயரம் 12 இரண்டு தடவை, வாய் மடிப்புக்கு ஒன்றரை இரண்டு தடவை.

நனைத்த 10 மீட்டர், நாலரை சதவீதம் சுருங்கினால் 376 இஞ்ச். 40 பைக்குப் பத்து வரிசை, 270 இஞ்ச். கைப்பிடி 3 இஞ்ச் அகலம், 14 இஞ்ச் நீளத்தில் 80 துண்டு. குறுக்கே மூன்றுதான் வரும், 27 வரிசை, 81 இஞ்ச். மிச்சம் 25. இன்னொரு வரிசைப் பைக்கு 2 இஞ்ச் குறைகிறது! ஆக 40 பையோடு நின்றுவிடுகிறது.

கைப்பிடிக்கு ஒரு இஞ்ச் காட்டன் டேப் போட்டால் 376ஐ 27ஆல் வகுத்து 13 வரிசை, 52 பை. துணி 27.50லிருந்து 21.15க்கு இறங்குகிறது. டேப் மீட்டர் 6 ரூபாய் என்றால் 28 இஞ்ச்சுக்குக் கழிவோடு 4.50. காசில் மிச்சம் இரண்டு ரூபாய்க்கும் குறைவுதான். பெரிய மிச்சம் நேரத்தில். பட்டை வெட்டி, இரண்டு ஓரமும் உள்ளே மடித்து, மறுபடி மடித்து, இரு பக்கமும் தைக்கிற வேலை முழுக்கப் போய்விடும். 15 நிமிடம் 11 ஆகும்.

பெருந்துறை ரோடு:
இதைத்தானுங்க நானும் சொன்னேன். வேகம்!

கத்தரிக்கோல்:
நீங்கள் சொன்னது கூலியைக் குறைக்க. நான் சொல்வது நிமிடத்தைக் குறைக்க. மணிக்கு 75 அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நான்காய் மடித்த துணிக் கைப்பிடியை வாய் மடிப்புக்குள் செருகி மேலே திருப்பித் தைத்தால், கைப்பிடி 4 மடிப்பு, திரும்பி வந்தது 4, வாய் மடிப்பு 3, மொத்தம் 11 அடுக்கு. வீட்டு மெஷினில் 14ஆம் நம்பர் ஊசி அங்கேதான் ஒடியும். ஒடியாவிட்டால் தையல் தாண்டும். தாண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது, தேங்காய் போட்டுத் தூக்கும்போது மண்டப வாசலில் தெரியும். டேப் என்றால் 5 அடுக்கு. 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர், சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி. அவசரத்தில் தையல் நீளத்தை 4க்கு வைத்து ஓட்டினால் பட்டை பிரிந்து வரும்.

மொய்க்கவர்:
வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம். கையால் செய்தது என்று சொல்லி கலம்காரிப் பை 90 ரூபாய்க்கு விற்கிறார்கள். ஈர வெற்றிலை பட்டதும் சிவப்புச் சாயம் இறங்கி, வெற்றிலை, பூ, வேட்டி எல்லாம் கறை. இதற்கு என்ன நியாய விலை?

நூல்கண்டு:
அதற்காகத்தான் நனைத்துக் காயவைக்கிறது. துணியை நனைக்காமல் வெட்டினால் எனக்கும் டேப் கணக்கில் 52க்கு 56 பை வரும்.

பெருந்துறை ரோடு:
தாம்பூலப் பையை யாருங்க துவைக்கறாங்க? சுருங்கினா சுருங்கட்டும். சாயம் போகுமான்னு பார்க்க 40 மீட்டரையும் நனைக்கணுமா? வெள்ளைத் துணியை ஈரமாக்கி இருபது தடவை தேய்ச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா நேரா வெட்டுங்க. ஒட்டினா அந்தத் துணியையே வாங்காதீங்க, நனைச்சாலும் அது நிக்காது.

கத்தரிக்கோல்:
பாதி சரி. தேய்த்துப் பார்ப்பதைக் கடையிலேயே செய்யலாம். ஆனால் 'துவைத்துத் திரும்ப உபயோகிக்கலாம்' என்று சொல்லி விற்றால் நனைத்தே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் வேண்டாம். வித்தியாசம் பைக்கு ஒன்றரை ரூபாய், அவ்வளவுதான்.

சுருக்குப்பை:
எல்லோரும் துணியிலேயே நிற்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பீஸ் ரேட்டுக்குக் கொடுத்து வாங்குகிறவர்கள் அதிகம். பைக்கு 8 ரூபாய் என்கிறார்கள். 11 நிமிட வேலைக்கு 8 என்றால் மணிக்கு 44 ரூபாய்கூட இல்லை. நூலையும் ஊசியையும் அவர்கள் தலையிலேயே கட்டுகிறார்கள். அப்புறம் பை மேல் 'நியாய விலை, மகளிர் கைவேலை' என்று சீட்டு!

பெருந்துறை ரோடு:
அவங்களுக்கும் வேலை வேணுமுங்க அக்கா. ஆடி, மார்கழியில முகூர்த்தமே கிடையாது. மெஷின் சும்மா கிடக்கறதுக்கு 8 ரூபாய் மேல்.

சுருக்குப்பை:
ஆடியில் ஒத்துக்கொண்ட ரேட் ஆவணியில் ஏறுவதில்லை அண்ணே, அதுதான் சங்கடம். ஆடியில் விலையைக் குறைக்காமல் பொருளை மாற்றலாம். மிஞ்சிய துணியில் 6க்கு 8 சுருக்குப் பை தைத்து வைத்தால் நவராத்திரிக்குப் போகும். அதற்கு மூலையும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. கயிறு கோக்க இரண்டு பக்கமும் துளை விட்டால் போதும், 6 நிமிட வேலை.

நூல்கண்டு:
டேப்பை ஒத்துக்கொள்கிறேன். புதுக்கணக்கு: துணி 21.15, டேப் 4.50, நூல் 1, கூலி 13.75, மெஷின் 1.50, மொத்தச் செலவில் பங்கு 3, கட்ட 1.50, கழிவு 1.35. சேர்த்தால் 47.75. 48 என்று வைப்போம். லாபத்தைக் கால்பங்கிலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கச் சொல்லுவீர்கள், சரி. 48ஐ 0.85ஆல் வகுத்தால் 56.50. 200 பைக்கு 58 சொல்லலாம். இதற்குக் கீழே இறங்கினால் கைக்காசு.

கத்தரிக்கோல்:
இப்போது அதே பையை 25 மட்டும் கேட்டால்? 600ஐ 25ஆல் வகுங்கள், 24 வருகிறது. அடக்கம் 69, விலை 81. அதாவது உங்கள் 75 ரூபாய் 200 பைக்கு அதிகம், 25 பைக்குக் குறைவு! ஒரே விலையைப் பலகையில் எழுதி வைத்ததுதான் தப்பு. பெரிய ஆர்டர்க்காரர் ஓடுகிறார், சின்ன ஆர்டர் லாபத்தைத் தின்கிறது. மொத்தமாக எடுத்தால் குறைக்கிற 23 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலும் சொல்லிவிடலாம். ஸ்கிரீனிலிருந்தும் அலைச்சலிலிருந்தும் வருகிறது, தையல்காரர் கையிலிருந்து வரவில்லை. அதற்கு மேலே குறைக்கக் கேட்டால்தான் கையில் கை வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

மொய்க்கவர்:
பட்டு மாதிரி மினுக்குகிற பை வேண்டும் என்றால்? அதற்கும் இதே கணக்கா?

கத்தரிக்கோல்:
இல்லை. ஆர்ட் சில்க்கும் ப்ரோகேடும் ஓரத்தில் நூல் பிரியும். 3/8 விட்டால் தையலே கழன்றுவிடும். அரை இஞ்ச் விட்டு ஓவர்லாக் அடிக்க வேண்டும். வெட்டு அகலம் 11 ஆகிறது, குறுக்கே நான்குக்குப் பதில் மூன்று. மீட்டர் விலை ஒன்றாகவே இருந்தாலும் துணிச் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

பெருந்துறை ரோடு:
கடையில வெச்சு விக்கறதைப் பத்தி யாருமே பேசலை. பொட்டீக் (boutique) கடைக்காரங்க 30 பர்சென்ட் கேக்கறாங்க. 48ல 30 கூட்டி 62 ரூபாய் 40 காசுன்னு போட்டுக் கொடுத்துட்டு வர்றாங்க.

கத்தரிக்கோல்:
அங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். கடைக்காரர் 30ஐ எடுப்பது விற்ற விலையிலிருந்து. 62.40ல் 30 சதவீதம் 18.70. கைக்கு வருவது 43.70, ஒவ்வொரு பைக்கும் நாலு ரூபாய்க்கு மேல் நஷ்டம். 48ஐ 0.70ஆல் வகுக்க வேண்டும்: 68.60, அதுவும் வெறும் அடக்கத்துக்கு. உங்கள் 15 சதவீதமும் வேண்டும் என்றால் 0.55ஆல் வகுங்கள், 87 ரூபாய். 87க்கு அந்தக் கடையில் போகாது என்றால் அந்தக் கடை உங்களுக்கு இல்லை.

நூல்கண்டு:
ஜிஎஸ்டி?

பெருந்துறை ரோடு:
தமிழ்நாட்டுக்குள்ள சரக்கு மட்டும் விக்கறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டற வரைக்கும் பதிவு தேவைப்படாதுங்க. ஆனா பதிவு இல்லாதவங்களுக்குத் துணி வாங்கறப்ப கட்டின வரி திரும்ப வராது. அதனால மீட்டர் விலை போடறப்ப பில்லுல கடைசியா, வரியும் சேர்த்து இருக்கற தொகையை எடுங்க, மேல இருக்கற ரேட்டை எடுக்காதீங்க. 58 ரூபாய்க்கு எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா 28க்கு வாங்கறவங்களை ஏமாந்தவங்கன்னு சொல்லாதீங்க.

நூல்கண்டு:
சொல்லவில்லை சார். அளவும் துணியும் பில்லில் எழுதினால் போதும். 200 பைக்குச் சரியாக முப்பத்தெட்டரை மீட்டர் வரும், 42 எடுப்பேன். குறைந்து மறுபடி போனால் அதே டிசைனில் சாயம் ஒரு நூல் மாறி வரும், பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும். பாதி முன்பணம் வாங்காமல் வெட்டுவதும் இல்லை. பேர் அச்சடித்த பையை வேறு யாருக்கும் விற்க முடியாது.

கத்தரிக்கோல்:
டேப்பையும் துணியோடு சேர்த்து நனைத்துவிடுங்கள். துணியை மட்டும் நனைத்து டேப்பை அப்படியே வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் டேப் சுருங்கி, கைப்பிடி தைத்த இடம் நான்கும் கொசுவம் வைத்த மாதிரி இழுத்துக்கொள்ளும். நனைத்தால் சுருங்கும், அதனால் 28 இஞ்ச்சுக்கு 29.5 வாங்குங்கள். 4.50 என்பதை 4.75 ஆக்கிக்கொள்ளுங்கள்.