அம்மாவின் காதுக்கு எட்டிய இரைச்சல்: தனித்தனிப் பெட்டிகளை விட்டு ஒற்றை ஆம்ப்ளிஃபையருக்கு வந்தவர்களின் அனுபவங்கள்

மந்தைவெளியிலிருந்து:

என் அம்மா பாட்டு சொல்லிக்கொடுப்பவர். அவருடைய சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஸ்வரத்தின் உயரம், ஐந்து கட்டை. சென்ற புரட்டாசியில் ஒரு மாலை, மாணவிகள் கிளம்பிய பிறகு சுருதிப்பெட்டியை அணைக்காமலே கூடத்துக்கு வந்தார். நான் அப்போதுதான் ஆம்ப்ளிஃபையரைப் போட்டிருந்தேன். இசைத்தட்டை இன்னும் வைக்கவில்லை.

"உன் பெட்டியும் சுருதி போடுகிறது. ஆனால் என்னுடையதைவிட ஒரு நூல் ஏறி நிற்கிறதடா, காது வலிக்கிறது" என்றார்.

பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, எனக்குக் கேட்காமலே போய்விட்ட இரைச்சல் அது. அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதிலிருந்து வரும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 100-லும் ஒலிக்கும். ஐந்து கட்டைக்கு வைத்த தம்புராவில் மந்தர ஷட்ஜம் (கீழ்ஸ்தாயி ஸ) 98 ஹெர்ட்ஸ். 98-உம் 100-உம் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ஓர் அலை எழுந்து அடங்கும். பாடகரின் காதுக்கு அது கண்ணில் விழுந்த மணல். நான் எத்தனை கச்சேரிப் பதிவுகளை அந்த மணலோடு கேட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

என்னிடம் இருந்தவை ஒரே நாளில் வந்தவை அல்ல. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் 1998-ல் ரிச்சி தெருவில் பழையதாக வாங்கியது, இரண்டு சேனலுக்கும் நூறு நூறு வாட். அதற்கு முன்னால் நின்று சிக்னலைத் தேர்ந்து வால்யூமை வைக்கும் பிரீ ஆம்ப், வெளிநாடு போன நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. சிடி பிளேயர் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. டர்ன்டேபிள் என் மாமாவுடையது. தனித்தனியாக வைப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். பவர் ஆம்ப்பின் பெரிய டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி எழும் காந்தப் புலத்துக்குப் பக்கத்தில் அதை வைக்காமல் இருப்பது நல்லது. பிரித்து வைத்தால் சுத்தம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் பிழை இல்லை, அதை நான் நிறைவேற்றிய விதத்தில்தான் பிழை.

பிரீ ஆம்புக்கும் மூன்று முனைப் பிளக், பவர் ஆம்புக்கும் மூன்று முனைப் பிளக். இரண்டும் தனித்தனியாக எர்த்தைத் தொடுகின்றன. நடுவில் ஒலிச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளின் உலோக வெளியுறை இரண்டையும் இணைத்துவிடுகிறது. ஆக ஒரு வளையம் உருவாகிவிட்டது. அந்த வளையத்தில் மின்சாரக் கம்பிகளின் காந்தப் புலம் புகுந்து இரைச்சலாகும். நான் ஒரு பிளக்கைக் கூடத்திலும் மற்றொன்றை ஜன்னலோரமும் செருகியிருந்தேன். வளையம் கூடத்தையே சுற்றி வந்தது. இரண்டையும் ஒரே பலகையில் செருகியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால் போகவில்லை.

பார்க்க வந்த ஒருவர், பவர் ஆம்ப்பின் எர்த் முனையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, எடுத்தும் காட்டினார். இரைச்சல் நின்றது உண்மை. மறுநாள் காலை பெட்டியைத் துடைக்கும்போது விரல்களில் சுள்ளென்று ஏறியது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். எர்த் கம்பி இசைக்காக வைத்தது அல்ல, உயிருக்காக வைத்தது. அன்றே திரும்பப் பொருத்திவிட்டேன்.

பிறகு என் தம்பி முறையுள்ள ஒருவர் தன்னிடமிருந்த இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையரை ஒரு வாரத்துக்கு இரவல் தந்தார். பிரீ ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டிக்குள், ஒரே பிளக், ஒரே எர்த். என் சிடி பிளேயருக்கு இரண்டு முனைப் பிளக்தான், ஆகவே அதனால் வளையம் இல்லை. டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் கம்பியைப் பின்புறத் திருகில் முடுக்கினேன். பெட்டியைப் போட்டேன். சில நொடிக்குப் பிறகு உள்ளே ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்ச்) ஒரு முறை டிக் என்றது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. இயங்கவில்லை என்றே நினைத்துவிட்டேன்.

தட்டை வைத்தபோது முதலில் கேட்டது தம்புரா. பாடகர் வாய் திறப்பதற்கு முன் இழுத்த மூச்சு. பிடில்காரர் வில்லை நரம்பில் வைத்த கணம். ஸ்பீக்கர் அதேதான், தட்டும் அதேதான். இவையெல்லாம் அந்த இரைச்சலுக்கு அடியில்தான் இருந்திருக்கின்றன. அம்மா சமையலறையிலிருந்து வந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் உட்கார்ந்து அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டார்.

இன்னொரு மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் தருகிறது. என் பவர் ஆம்ப் முழு ஓசைக்கு வர 1 வோல்ட் போதும். இடையில் பிரீ ஆம்ப் வேறு அதைப் பல மடங்கு பெருக்கிக் கொடுத்தது. அதனால் வால்யூம் குமிழை மணி ஒன்பதைத் தாண்டித் திருப்பவே முடியாது. குமிழின் அடிப்பகுதியில் இடமும் வலமும் சரிசமமாக ஏறுவதில்லை. பாடகர் எப்போதும் மிருதங்கத்தின் பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். இதைப் பதிவின் குறை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே கை வடிவமைத்த பெட்டியில் அந்த அளவுகள் ஒன்றுக்கொன்று பொருத்திவைக்கப்பட்டிருக்கின்றன. பாடகர் இப்போது நடுவில் இருக்கிறார்.

நான் வாங்கியது 60 வாட். நூறிலிருந்து அறுபதுக்கு இறங்கினால் வேறுபாடு ஏறக்குறைய 2.2 டெசிபல்தான். எங்கள் கூடத்தில் 88 டெசிபல் ஸ்பீக்கரோடு (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஓசை தருவது) கேட்கும்போது ஒன்றிரண்டு வாட்டைத் தாண்டுவதே அரிது.

இழந்தது ஒன்று உண்டு, அதையும் சொல்லவேண்டும். பழைய பிரீ ஆம்பில், இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலக்கும் மோனோ பொத்தான் இருந்தது. ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய தட்டுகளை ஸ்டீரியோ ஊசியால் ஓட்டும்போது, அந்தப் பொத்தானை அழுத்தினால் தட்டின் கீறல் ஓசையில் ஒரு பகுதி தன்னைத்தானே அழித்துக்கொண்டு மறைந்துவிடும். புதிய பெட்டியில் அது இல்லை. என் தட்டுகளில் முக்கால்வாசி மோனோ. வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள்.

திருவான்மியூரிலிருந்து:

மந்தைவெளி நண்பர் எழுதியதைப் படித்தேன். எங்களுக்கு எர்த் பிரச்சினை வரவில்லை, கடல்தான் பிரச்சினை. வீடு கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரம். உப்புக் காற்று ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகளில் படிந்து பச்சை பூத்துவிடும். திடீரென ஒரு பக்கம் ஓசை மங்கும், கேபிளைத் தொட்டால் கரகரவென்று திரும்ப வரும். டியூனர், டேப் டெக், சிடி பிளேயர், ஃபோனோ பெட்டி (இசைத்தட்டு ஊசியின் சிக்னலைப் பெருக்குவது), பிரீ ஆம்ப், பவர் ஆம்ப் என்று என்னிடம் ஆறு பெட்டிகள். இணைப்புகளின் எண்ணிக்கையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சுமாக உட்கார்ந்திருப்பேன்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த பிறகு, மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்தோம். வந்தபோது நான் வீட்டில் இல்லை. சுவிட்சுகள் எல்லாம் போட்டபடியே இருந்தன. பிரீ ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே கணத்தில் உயிர் பெற்றன. பிரீ ஆம்ப் நிலைகொள்ளும் முன் விடும் அதிர்வை மற்றது பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டது. ஒரு ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஓசைகளைத் தரும் பகுதி) போயிற்று. அதற்கு மாற்று ட்வீட்டர் கிடைக்க நான்கு மாதம் ஆனது.

இப்போது இன்டகிரேட்டட்தான். ஸ்பீக்கரைச் சில நொடி தாமதித்து இணைக்கும் ரிலே உள்ளே இருப்பதை உறுதிசெய்துகொண்டுதான் பணம் கொடுத்தேன். ஃபோனோ பெட்டியை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். என் ஊசி மூவிங் காயில் வகை, அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே தரும். என் புதிய பெட்டியின் ஃபோனோ உள்ளீடு அதைவிடப் பல மடங்கு சிக்னல் தரும் மூவிங் மேக்னெட் வகைக்கு மட்டுமே ஏற்றது.

அண்ணா நகரிலிருந்து:

எனக்கு வோல்ட், வாட் எல்லாம் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அவருடைய நான்கு பெட்டிகள் மர அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சிறிய வெள்ளைச் சீட்டு ஒட்டி, 1, 2, 3, 4 என்று எழுதியிருந்தார். போடும்போது ஒன்றிலிருந்து நான்கு, அணைக்கும்போது நான்கிலிருந்து ஒன்று. பவர் ஆம்ப்பைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்கவேண்டும் என்பதற்காகத்தான் அப்படி என்று இங்கே படித்த பிறகே புரிந்தது.

அப்பா காலமான பின் பதினான்கு மாதம் அந்த அலமாரியை யாரும் தொடவில்லை. அம்மாவுக்குப் பாட்டு வேண்டும், ஆனால் பயம். "ஏதாவது ஆகிவிட்டால் உன் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது?" என்பார். ஃபோனில் கேளுங்கள் அம்மா என்றால், அது பாட்டு மாதிரியே இல்லை என்பார். அண்ணன் எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றான். எனக்கு மனம் வரவில்லை.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அப்பாவின் ஸ்பீக்கரையும் சிடி பிளேயரையும் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றுக்கும் பதிலாக ரிமோட்டோடு ஓர் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர் வாங்கினோம். பெரிய பொத்தான்களை மட்டும் அம்மாவுக்குக் காட்டினேன். முதல் வாரம் நான் இருக்கும்போதுதான் போட்டார். இரண்டாவது வாரம் காலை ஐந்தரை மணிக்கு அவரே போட்டிருந்தார். நான் படுக்கையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன், எழுந்து போகவில்லை.

பழைய பெட்டியிலிருந்து '1' என்ற சீட்டைக் கிழியாமல் உரித்து, புதியதன் மேல் ஒட்டியிருக்கிறார்.

பெரம்பூரிலிருந்து:

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கிறேன். மேலே எழுதியவர்களின் மகிழ்ச்சியைக் குறைக்க விரும்பவில்லை. ஆனால் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லியாகவேண்டும்.

ஒரே பெட்டியில் ஒன்று கெட்டால் எல்லாமே மௌனம். தனித்தனியாக இருந்தால், கெட்டதை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதை இரவல் பெட்டியோடு ஓட்டலாம். பழைய பெட்டிகளைத் திறந்தால் பாகங்கள் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். 2என்3055 மாதிரி டிரான்சிஸ்டர் என்றால் ரிச்சி தெருவில் இன்றும் கிடைக்கும், போலியைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும். இப்போது வரும் பல பெட்டிகளில் எல்லாம் அரிசிமணியைவிடச் சிறிய பாகங்கள். போர்டையே மாற்றச் சொல்வார்கள், அந்த போர்டு கிடைக்காது.

அடுத்தது சூடு. ஒற்றைப் பெட்டிக்குள் எல்லாம் நெருக்கமாக இருப்பதால் சூடும் அங்கேயே தங்கும். மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு. சென்னையில் மே மாதம் கதவு போட்ட அலமாரிக்குள் அதை வைத்துவிட்டு, மேலே விரிப்பும் பொம்மையும் வைக்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது. மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், அலமாரியின் பின்பலகையைக் கழற்றிவிடுங்கள்.

வாங்குவதாக இருந்தால், பின்புறம் 'பிரீ அவுட்' (பிரீ ஆம்பின் வெளியீடு), 'மெயின் இன்' (பவர் ஆம்பின் உள்ளீடு) இரண்டும் உள்ளதைத் தேடுங்கள். 1978-ல் வந்த என்.ஏ.டி. 3020 வெறும் 20 வாட் பெட்டிதான். ஆனால் அதன் பின்னால் இரண்டு யூ வடிவக் கம்பிகள் இருக்கும். அவற்றை உருவினால் பிரீ ஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி. ஒன்றாக வாங்கி, வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம். அந்த அறிவுள்ள வடிவமைப்பை இன்றும் மதிக்கிறேன்.

மந்தைவெளியிலிருந்து, மீண்டும்:

பெரம்பூர் ஐயா, நீங்கள் சொன்ன பிறகு டார்ச் அடித்துப் பின்புறம் பார்த்தேன். என்னுடையதில் 'பிரீ அவுட்' இருக்கிறது, 'மெயின் இன்' இல்லை. பிற்பாடு வேறொரு பவர் ஆம்ப் சேர்க்க அது போதும் என்று நினைக்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள்.

அந்தப் பழைய நூறு வாட் பெட்டி பரணில்தான் இருக்கிறது. அக்கா மகன் கேட்கிறான். கெபாசிட்டர்களைப் பார்க்காமல் அவனிடம் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவரலாமா? எடை பதினான்கு கிலோ, ஆட்டோவில்தான் வரவேண்டும்.