369 நோட்டு, நன்றி நோட்டு: மகளிர் குழுவில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

நல்லெண்ணெய் கேட்டது:

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழு. மொத்தம் 14 பேர். நாலு பேர் தள்ளுவண்டி டிபன், மூணு பேர் காசிமேட்டுல மீன் எடுத்துக் கூடையில விக்கிறவங்க, மத்தவங்க ஜாக்கெட் தையல், வீட்டு வேலை, ஒருத்தர் எம்.சி. ரோட்டுல துணிக்கடை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடுறாங்க. வரவு செலவு பார்த்து முடிச்சா 20 நிமிஷம் மிஞ்சும். அதுல எட்டு வாரத்துக்கு "நன்றி, நல்ல எண்ணம்" மாதிரி ஏதாவது என்னை நடத்தச் சொல்றாங்க.

எல்லாம் வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோ செஞ்ச வேலை. "என்னிடம் பணம் தாராளமாக வந்துகொண்டிருக்கிறது"ன்னு காலையில 3 தடவை, மத்தியானம் 6, ராத்திரி 9 தடவை எழுதணுமாம். 21 நாள்ல பிரபஞ்சம் கொடுத்துடுமாம். ரெண்டு பேர் ஏற்கெனவே கோடு போட்ட நோட்டு வாங்கி ஆரம்பிச்சாச்சு. வீடியோ இலவசம், அடுத்த கட்டம் 4,999 ரூபாய் வகுப்பு.

இதுல எதுக்காவது ஆதாரம் இருக்கா? நன்றி எழுதுறதுன்னா தினமும் எழுதணுமா? மூணு பேருக்கு எழுத வராது, அவங்களை என்ன பண்றது? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

சுண்ணாம்புக்கால்வாய்:

நன்றியை முதல்ல பார்ப்போம், அதுல சிக்கல் கம்மி.

2003ல ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ரெண்டு பேரும் கல்லூரிப் பிள்ளைங்களை மூணு கூட்டமாப் பிரிச்சு, 10 வாரம், வாரத்துக்கு ஒரு தடவை எழுத வெச்சாங்க. ஒரு கூட்டம் நன்றி சொல்லத் தோணுற விஷயங்கள், அஞ்சு வரைக்கும். இன்னொரு கூட்டம் எரிச்சல் மூட்டின அஞ்சு. மூணாவது கூட்டம் சும்மா நடந்ததுல அஞ்சு. நன்றி எழுதினவங்க வாழ்க்கை பரவாயில்லைன்னாங்க, வரப்போற வாரத்தைப் பத்தி நம்பிக்கையாப் பேசினாங்க. யாருக்காவது பணம் வந்துச்சான்னு அந்த ஆய்வு அளக்கல. வீடியோக்காரங்க இந்த ஆய்வைக் காட்டிட்டு நேரா பணத்துக்குத் தாவுறாங்களே, அந்தப் பாலத்தை யாரும் கட்டலை.

தினமும் வேணாம். சோன்யா லியுபோமிர்ஸ்கியும் கூட இருந்தவங்களும் 2005ல எழுதின கட்டுரையில ஆறு வார ஆய்வு ஒண்ணு வருது. வாரம் ஒரு தடவை எழுதினவங்களுக்கு மனசு தெளிஞ்சது, வாரம் மூணு தடவை எழுதினவங்களுக்கு அப்படி ஒண்ணும் நடக்கல. அடிக்கடி எழுதினா அது வீட்டுப்பாடமா மாறிடும்ங்கிறது அவங்க சொல்ற காரணம். உங்க செவ்வாய்க்கிழமை அதுக்குச் சரியாப் பொருந்துது.

கெட்டுப்போறது எங்கேன்னா எழுதுற விதத்துல. "குடும்பம், ஆரோக்கியம், கடவுள்"னு எழுத விட்டா மூணாவது வாரம் போன வாரத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பாங்க. அஞ்சு வேணாம், ஒண்ணே ஒண்ணு. ஆனா அதுல ஒரு ஆள் இருக்கணும், கிழமை இருக்கணும், அந்த ஆளுக்கு அதனால என்ன சிரமம்னு இருக்கணும். "தண்ணி வந்ததுக்கு நன்றி"ங்கிறது உதவாது. "வியாழக்கிழமை தண்ணி லாரி வந்தப்ப கீழ்வீட்டு அக்கா என் ரெண்டு குடத்தையும் வரிசையில போட்டு, புடிச்சு, மாடிப்படி வரைக்கும் தூக்கி வெச்சாங்க, அவங்களுக்கு அன்னைக்கு வேலைக்கு நேரமாயிடுச்சு"ன்னா உதவும். ரெண்டாவதைச் சொல்லும்போது சொல்றவங்க முகமே மாறும், கவனிச்சுப் பாருங்க.

நாலாவது வாரம் சலிப்பு தட்டும். அப்போ கேள்வியைத் திருப்பிப் போடுங்க: அது நடக்காமப் போயிருந்தா? அந்த அக்கா அந்த வீட்டுக்குக் குடிவராமலே இருந்திருந்தா? 2008ல மின்கியுங் கூ குழு இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. நல்லது எப்படி நடந்துச்சுன்னு யோசிச்சவங்களை விட, அது நடக்காமலே போயிருக்கலாம்னு யோசிச்சவங்களுக்கு மனசு கூடுதலா நிறைஞ்சது. பழகிப்போனதை மறுபடியும் புதுசாக் காட்டுற வித்தை இது.

எழுத வராதவங்களை ஜோடியா உட்கார வைங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பேசட்டும், கேட்கிறவங்க குறுக்கே பேசக் கூடாது. இல்லேன்னா போன்ல குரல் பதிவு. சொல்லப்போனா 14 பேரையுமே பேச விடலாம், நோட்டுங்கிறது கட்டாயம் இல்ல.

கடைசி ரெண்டு வாரத்துல ஒண்ணை நன்றிக் கடிதத்துக்கு வைங்க. சரியா நன்றி சொல்லாம விட்டுப்போன ஒருத்தருக்கு ஒரு பக்கம் எழுதி, நேர்ல போய் வாசிச்சுக் காட்டுறது. மார்ட்டின் செலிக்மன் குழு 2005ல சோதிச்ச பயிற்சிகள்லேயே உடனடி விளைவு இதுக்குத்தான் அதிகம், ஒரு மாசம் வரைக்கும் தெரிஞ்சது. நம்ம பக்கம் பெத்த அம்மாகிட்டப் போய் "நன்றி"ன்னு சொன்னா "ஏன்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா"ன்னு நெத்தியைத் தொட்டுப் பார்ப்பாங்க. அந்தச் சொல்லே வேணாம். "அன்னைக்கு நீ செஞ்சது இன்னும் மனசுல இருக்கு"ன்னு ஆரம்பிச்சாப் போதும்.

உப்புக்காத்து:

4,999 ரூபாயா? பத்து ரூபா இட்லின்னா 500 இட்லி விக்கணும். அதுவும் மாவு, கேஸ் செலவு கழிக்காம. 369க்கு விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லாவை வேற இழுத்து விட்டிருப்பாங்களே?

பாலம்_தாண்டி:

அந்த 369க்கு வர்றேன். ஒரு நாளைக்கு 18 வரி, 21 நாளைக்கு 378 வரி. ஆறாவது வரியில கை மட்டும் எழுதும், மனசு ரேஷன் கடை வரிசையில நிக்கும். அதோட போனா நேரம்தான் வீண். அதுக்கு மேலயும் ஒரு கெடுதல் இருக்கு.

காப்ரியேல் ஓட்டிங்கன்ங்கிற ஜெர்மன் உளவியலாளர் இதையே பல வருஷமா ஆராய்ஞ்சவங்க. 2002ல வந்த ஆய்வுல, படிப்பு முடிச்ச மாணவர்கள்கிட்ட நல்ல வேலை கிடைச்சுட்ட மாதிரி எவ்வளவு அடிக்கடி கனவு காண்றீங்கன்னு கேட்டு வெச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, அதிகமாக் கனவு கண்டவங்க கம்மியா விண்ணப்பிச்சிருந்தாங்க, கம்மியா வேலை கிடைச்சிருந்தது, சம்பளமும் கம்மி. 2011ல ஹெதர் கப்பஸோட சேர்ந்து செஞ்சதுல ரத்த அழுத்தத்தை அளந்தாங்க. இனிப்பான கனவு கண்டதும் மேல் அழுத்தம் இறங்குது, அதாவது உடம்பு காலை நீட்டிப் படுத்துடுது. வந்து சேர்ந்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டா அப்புறம் எதுக்கு எழுந்து நடக்கணும்?

ஒண்ணைக் கவனிங்க. "இது என்னால முடியும், முன்னாடி செஞ்சிருக்கேன்"ங்கிற எதிர்பார்ப்பு நல்லது செய்யுது. அதே வேலை மாணவர் ஆய்வுல, கிடைக்கும்னு எதிர்பார்த்தவங்களுக்கு நல்லாவே நடந்திருக்கு. கெடுக்கிறது கனவு. நல்லெண்ணம்னு ஒரே பேர்ல ரெண்டையும் கட்டி விக்கிறதுலதான் குழப்பம்.

அந்த "தாராளமாக வந்துகொண்டிருக்கிறது" வாசகம் இன்னொரு விதத்துலயும் உதைக்கும். 2009ல ஜோவான் வுட் குழு, தன்மேல மதிப்பு கம்மியா இருக்கிறவங்களை "நான் அன்புக்குரியவள்"ங்கிற மாதிரி வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சுப் பார்த்தாங்க. அவங்களுக்கு மனசு இன்னும் சோர்ந்துதான் போச்சு. வாய் ஒண்ணு சொல்லும்போது மனசு உள்ளேயிருந்து "எங்கே, காட்டு பார்ப்போம்"னு கேட்குது. கல்லாப்பெட்டியில நாப்பது ரூபா இருக்கிற அன்னைக்கு அந்த வரியை ஒன்பது தடவை எழுதுறவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க.

சரி, எதை வைக்கலாம்? ஆசையையும் தடையையும் சேர்த்து எழுதுறது. ஓட்டிங்கனோட முறைதான், குழுவுல "ஆசை, பலன், ஆனா, அப்போ"ன்னு சொல்லிக் கொடுங்க, பதியும். நாலு வாரத்துல முடியக்கூடிய ஒரே ஆசை. நடந்தா என்ன சுகம்னு ஒரு நிமிஷம் கண்ணை மூடிப் பார்க்கணும். உடனே, அதைத் தடுக்கிறது எனக்குள்ளே என்னன்னு ஒரு நிமிஷம். கடைசியா, அது தலை தூக்கினா என்ன செய்வேன்னு ஒரே வாக்கியம். அஞ்சு நிமிஷ வேலைதான், போன் மட்டும் எட்டாத தூரத்துல இருக்கட்டும். வரிசை மாறக் கூடாது. தடையை முதல்ல நினைச்சுட்டுக் கனவுக்குப் போனா பலிக்கிறதில்ல.

டிபன் வண்டிக்காரருக்கு வெச்சுப் பார்ப்போம். ஆசை: ஒரு மாசத்துல 3,000 ரூபா தனியா. பலன்: பெரிய இட்லிப் பானை. ஆனா? இங்கேதான் எல்லாரும் "விலைவாசி", "வீட்டுக்காரர்"னு வெளியே கை நீட்டுவாங்க. விடாதீங்க, உள்ளே தேடச் சொல்லுங்க. "கையில காசு இருக்கிறப்ப யாராவது கேட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல." இதுதான் சரியான "ஆனா". அப்போ: "ராத்திரி அடுப்பை அணைச்சதும், கல்லாவை எண்ணுறதுக்கு முன்னாடி, நூறு ரூபாயை எடுத்து உண்டியல்ல போடுவேன்." நேரமும் செயலும் இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கணும். பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006ல 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து இந்த "இப்படி ஆனா அப்படிச் செய்வேன்" வாக்கியம் நல்லாவே வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. "சேமிக்க முயற்சி பண்ணுவேன்"ங்கிறது வாக்கியமே இல்ல.

மீன் விக்கிறவங்களுக்கு ஆசையைக் காலண்டர்ல இருந்தே எடுக்கலாம். விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும், 61 நாள். அந்த நாள்கள்ல தினம் 150 ரூபா கை கடிக்கும்னா மொத்தம் 9,150. ஜனவரி 1 முதல் ஏப்ரல் 14 வரைக்கும் 104 நாள். நாளைக்கு 88 ரூபா. பிரபஞ்சத்துக்கு எதுவும் எழுதிப் போட வேண்டியதில்ல.

இன்னொண்ணு. இந்த முறையில சில பேர் பாதியில "இந்த ஆசை இப்போ எனக்கு ஆகாது"ன்னு விட்டுடுவாங்க. தோத்துட்டாங்கன்னு நினைக்காதீங்க. ஆகாததைச் சீக்கிரம் விட வைக்கிறதும் அதோட வேலைதான்.

நல்லெண்ணெய்:

ரெண்டு பேருக்கும் நன்றி (நெத்தியைத் தொட்டுப் பார்க்காதீங்க). ஒரு விஷயம் விட்டுட்டேன். 14 பேர்ல ஆறு பேர் தண்டல் (தினமும் கட்டுற வட்டிக் கடன்) கட்டுறாங்க. சாயங்காலம் ஆனாலே வசூலுக்கு வண்டி வந்து நிக்கும். இவங்ககிட்ட நல்ல எண்ணத்தைப் பத்திப் பேசவே கூச்சமா இருக்கு.

கூட்டுவட்டி:

கூச்சப்படுறது நியாயம்தான். எட்டு வாரத்துல முதல் ரெண்டு வாரத்தை இதுக்குக் கொடுங்க.

தண்டல் கணக்கைப் பலகையில போட்டுக் காட்டுங்க. 10,000 ரூபா தண்டல்னு பேரு, கையில வர்றது 8,500. நாளைக்கு நூறு, 100 நாள். "1,500 தானே வட்டி"ன்னு தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே திருப்பிக் கட்டுறதால, சராசரியாப் பார்த்தா அதுல பாதிப் பணம்தான் அவங்க கையில இருக்கு. வருஷக் கணக்காப் போட்டா 120 சதவீதத்தை ஒட்டி வரும். குழுவோட உள்கடன் மாசம் 2 வட்டின்னாலும் வருஷத்துக்கு 24தான். ஒருத்தரோட தண்டலைக் குழுக் கடனுக்கு மாத்திவிட்டாலே 378 வரியை விடப் பெரிய செல்வம்.

இது உளவியலுக்கு வெளியே இருக்கிற விஷயம்னு நினைச்சுடாதீங்க. அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் நாலு பேரும் 2013ல வெளியிட்ட ஆய்வு நம்ம விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வெச்சு நடந்தது. ஆலை ஒவ்வொருத்தருக்கா வெட்டு தேதி கொடுக்கிறதால, ஒரே மாசத்துல ஒருத்தர் கையில காசு இருக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் கை காய்ஞ்சிருக்கும். அறுவடைக்கு முன்னாடி நூத்துக்கு 78 பேர் எதையாவது அடகு வெச்சிருந்தாங்க, பின்னாடி 4 பேர். புதிர்ப் படங்களைக் கொடுத்துச் சோதிச்சா, அதே ஆள் அறுவடைக்கு முன்னாடி கம்மியாத்தான் போட்டார். புத்தி குறையல. கடன் மனசுல இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. வசூல் வண்டி 5 மணிக்கு வரும்னா 4 மணிக்கு அவங்ககிட்ட "கண்ணை மூடி வளத்தை நினைங்க"ன்னு சொல்லிப் பாருங்க, வண்டிச் சத்தத்தைத்தான் நினைப்பாங்க. அந்த ஆறு பேருக்கு இந்த 20 நிமிஷத்தை வசூல் நேரத்தை ஒட்டி வைக்காதீங்க.

அந்த நோட்டு எழுதுற ரெண்டு பேரையும் கிண்டல் பண்ணாதீங்க, அதே நோட்டை உண்டியல் கணக்குக்குத் திருப்பிவிடுங்க. ஆனா 4,999 விஷயத்துல கறாரா இருங்க. லூக்கஸ் டிக்சன் குழு 2023ல குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல இருந்து வெளியிட்டதுல, நினைச்சாலே நடக்கும்னு அதிகம் நம்புறவங்க ஆபத்தான முதலீட்டுப் பக்கம் கூடுதலா இழுபட்டாங்க, திவாலானவங்களும் அவங்கள்லதான் அதிகம். எது முதல், எது பின்னேன்னு அந்த ஆய்வு சொல்லாது. ஆனா மாசம் பத்து சதவீதம் தர்றேன்னு வர்ற சீட்டுக்காரனுக்கு யார் கதவு முதல்ல திறக்கும்னு யோசிச்சுக்கோங்க.

நன்றிப் பயிற்சியில ஒரு ஆபத்தும் இருக்கு, சுண்ணாம்புக்கால்வாய் அதைத் தொடல. வீட்டுல அடி வாங்குறவங்க "சம்பளத்தையாவது கொடுக்கிறாரே, அதுக்கு நன்றி"ன்னு சொன்னா கை தட்டாதீங்க. கூட்டம் முடிஞ்சு தனியாப் பேசுங்க. 181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க. அதே மாதிரி ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்லாம, சாப்பாடு இறங்காம, எதுலயும் மனசு ஒட்டாம இருக்கிறவங்களுக்கு நோட்டு மருந்து ஆகாது. 2021ல டேவிட் கிரெக், ஜெனிஃபர் சீவன்ஸ் தொகுத்துப் பார்த்தப்ப மனச்சோர்வுக்கு நன்றிப் பயிற்சி கொடுத்த பலன் ரொம்பச் சின்னதுதான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. போகத் தயங்கினா மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணச் சொல்லுங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

பாலம்_தாண்டி:

கூட்டுவட்டி சொன்ன வரிசைதான் சரி, கடன் முதல். என் உண்டியல் யோசனையில ஒரு ஓட்டை: உண்டியல் வீட்டுலயே இருந்தா காசு கேட்டு வர்றவங்களுக்கும் அது தெரியும். பூட்டு போட்ட தகர உண்டியலா வாங்கி, சாவியைக் குழுவுல வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடுங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கட்டும்.

உப்புக்காத்து:

மீன்காரங்களுக்குச் செவ்வாய்க்கிழமை சௌகரியம்தான், நிறைய வீட்டுல அன்னைக்குக் கவிச்சி கிடையாது, கூடை சீக்கிரம் இறங்கிடும். எட்டு வாரத்துல எந்தச் செவ்வாயாவது அமாவாசையோட சேர்ந்து வருதான்னு காலண்டர்ல பாருங்க. வந்தா அந்த மூணு பேரும் கடையே போட மாட்டாங்க. அந்த 88 ரூபா கணக்கை அன்னைக்கு எடுத்தீங்கன்னா நிதானமா உட்கார்ந்து போடுவாங்க.