ஃபில்டர் ஹோல்டருக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். நிலக்காட்சிப் படப்பிடிப்புப் பயிற்சிக்கான எட்டுப் பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. மூன்றாம் பக்கம் முழுக்க அகலக்கோண லென்சுக்கு ஃபில்டர் ஹோல்டர் (ஃபில்டர் கண்ணாடியை லென்சுக்கு முன் பிடித்து வைப்பது) தேர்ந்தெடுப்பது பற்றியது. இப்போதைக்கு வாசகம் இப்படி இருக்கிறது:

“லென்சின் முன் அடாப்டர் ரிங்கைத் திருகுக. அதன்மேல் ஹோல்டரை மாட்டுக. முதலில் காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து பூட்டுக. பிறகு லென்சுக்கு மிக அருகிலுள்ள ஸ்லாட்டில் பத்து ஸ்டாப் என்டியை, பஞ்சுப்பட்டை லென்சைப் பார்க்கும்படி செருகுக. அடுத்த ஸ்லாட்டில் கிராட். 16 மிமீ குவியத்தூரத்தில் மூன்றாவது ஸ்லாட் இருந்தால் கழற்றிவிடுக. இல்லையேல் விக்னெட்டிங் வரும்.”

புதியவர்களுக்கு: ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்குவது. என்டி ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி. கிராட் ஒரு பாதி கருத்து, மறுபாதி தெளிவாக இருக்கும் கண்ணாடி. விக்னெட்டிங் படத்தின் மூலைகள் இருள்வது.

திருகு, மாட்டு, செருகு, கழற்று: வினையெல்லாம் தமிழ், பெயரெல்லாம் ஆங்கிலம். ஃபில்டர், ஹோல்டர், அடாப்டர் ரிங், ஸ்லாட், கிராட், விக்னெட்டிங் ஆறுக்கும் சொல் தாருங்கள். இந்த வாசகத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தாருங்கள்.

பள்ளத்தூர்

ஃபில்டருக்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. நன்னூலில் கடைமாணாக்கருக்கு உவமையாக வரும் நெய்யரியை நினைவில் கொள்க. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது, அதாவது பன்னாடை. அரி என்றால் பிரித்தெடுத்தல். அரிசி அரிப்பது, அரிதட்டு எல்லாம் அந்த வேர்தான். ஆகவே ஒளியரி. மூன்றெழுத்து வேருக்குக்கூடப் போகவில்லை, இரண்டெழுத்தில் முடிந்தது. அரி என்பதற்குக் கதிரவன் என்ற பொருளும் உண்டு என்பது கூடுதல் சிறப்பு.

கோட்டையூர்

அண்ணே, கடையில் போய் ஒளியரி கேட்டால் அரிப்புக்குக் களிம்பு கொடுப்பான். கணினியில் வடிப்பான் ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். ஹோல்டரைத் தொட வேண்டாம். பல்பு மாட்டுகிற ஹோல்டரை ஊரில் யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை.

சொல்லைவிட மூன்றாம் பக்கத்தின் பொருளில் ஒரு குறை இருக்கிறது. 100 மிமீ அகல ஹோல்டர்-ஃபில்டர் தொகுதி மட்டுமே லென்ஸ் எல்லாவற்றுக்கும் போதும் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். முன்கண்ணாடி தட்டையாக இருந்து 82 மிமீ மரை இருந்தால் போதும்: நிக்கான் இசட் 14-30 எஃப்4, சோனி 16-35 ஜிஎம் போன்றவை. நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் 14-24-க்கு முன்கண்ணாடி புடைத்திருக்கும், மரையே கிடையாது. அதற்கு 150 மிமீ தொகுதி. லென்சோடு ஒட்டிய ஹுட்டை, அதாவது முன் மறைப்பை, சுற்றிக் கவ்வும். லீ நிறுவனத்தின் எஸ்டபிள்யூ150 அந்த லென்சை மனதில் வைத்து வந்ததுதான். புதிய இசட் 14-24 எஃப்2.8-க்கு 112 மிமீ மரையுள்ள தனி ஹுட் உண்டு. ஆக அடாப்டர் ரிங்குக்கு நீங்கள் வைக்கும் சொல், திருகுவதற்கும் கவ்வுவதற்கும் சேர்த்து நிற்க வேண்டும்.

தேவகோட்டை

மரை என்ற சொல்லைப் பார்த்ததும் மகிழ்ச்சி. அதை யாரும் ஆங்கிலமாக்கவில்லை, பட்டறைக்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

வடிப்பானுக்கு ஒரு தடை வரும் என்று எதிர்பார்த்து முன்பே சொல்லிவிடுகிறேன். ‘ஆன்’ ஆண்பால் ஈறு, கருவிக்கு ஆகாது என்பார்கள். தட்டானும் கரிச்சானும் பறக்கின்றன. யாரும் பால் பார்ப்பதில்லை.

பள்ளத்தூர்

ஆச்சி, தட்டானும் கரிச்சானும் உயிருள்ளவை. வேர்க்கே வருவோம். வடித்தல் என்றால் ஒன்று தங்க வேண்டும், ஒன்று இறங்க வேண்டும். பத்து ஸ்டாப் என்டி எதையும் தரம் பிரிப்பதில்லை. எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் 1024-இல் ஒரு பங்காகக் குறைக்கிறது, அவ்வளவே. அது வடிப்பே அல்ல. ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற தளவிளைவாக்கிதான் உண்மையில் வடிக்கிறது.

கோட்டையூர்

தளவிளைவாக்கியா? போலரைசர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

பள்ளத்தூர்

தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள சொல். இலங்கையில் முனைவாக்கம் என்பார்கள். ஒளிக்கு முனை ஏது என்பது என் கேள்வி. அதைத் தனி இழையில் பேசலாம்.

காரைக்குடி

தனி இழையில் பேசுங்கள், தயவுசெய்து. 150 மிமீ பற்றிய பத்தியைச் சேர்த்துவிட்டேன், நன்றி. இன்னும் ஹோல்டரும் ஸ்லாட்டும் நிற்கின்றன.

கானாடுகாத்தான்

ஸ்லாட்டுக்குக் காடி. தச்சர்கள் தினமும் சொல்வது. நிலையில் காடி எடுத்துப் பலகையைச் செருகுவார்கள். பர்மாத் தேக்குக் கதவுகளைப் பழுது பார்க்கிற எவரிடமும் கேளுங்கள். காடி ஆழம், காடி அகலம், காடி தளர்வு எல்லாமே அவர்கள் வாயில் இருக்கிறது. இங்கேயும் அதே வேலைதான்: 2 மிமீ கனக் கண்ணாடி 2 மிமீ காடியில். காடி தளர்ந்தால் ஹோல்டரைச் சாய்த்ததும் கண்ணாடி நழுவும். இறுகினால் ரெசின் ஃபில்டரில் கீறல் விழும்.

ஹோல்டருக்குச் சட்டம். படத்துக்குச் சட்டம் போடுகிறோமே.

பள்ளத்தூர்

காடி என்றால் புளித்த நீர். காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி. மாணவர் லென்சுக்கு அருகில் கஞ்சியை ஊற்றாமல் இருந்தால் சரி. மேலும் ‘வடிப்பான் சட்டம்’ என்றால் எந்த ஆண்டு நிறைவேறியது என்று கேட்பார்கள்.

தேவகோட்டை

சட்டம் பற்றிய கேலி நியாயம். காடி பற்றியது நியாயமில்லை. அடுப்படிக் காடியும் தச்சுக் காடியும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன, யாரும் குழம்பவில்லை. ‘முதல் காடியில் செருகுக’ என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் கை தானே போகும்.

ஹோல்டருக்குத் தாங்கி நல்ல சொல். நம் பக்கத்துச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை அறியாதவர் இல்லை. ஆனால் இயந்திரவியலார் பேரிங்குக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சமிருப்பது ஏந்தி.

கோட்டையூர்

ஏந்தி, காடி இரண்டும் சரி. ஹோல்டரை விட்டுக்கொடுக்கிறேன். கையேட்டில் ஓரிடத்தில் ‘ஏந்தி, அதாவது ஹோல்டர்’ என்று இருக்கட்டும். வாங்கப் போகிறவன் தடுமாறக்கூடாது.

கிராட் விஷயம் கொஞ்சம் நீளம். ‘அரைக் கருப்பு’ என்று சிலர் சொல்கிறார்கள், பாதிப் பொருள்தான் வருகிறது. கருப்பு எப்படி முடிகிறது என்பதே அதில் முக்கியம். நம் ஊர் தரை தட்டை. கண்மாய்க்கரையில் நின்றால் தொடுவானம் கோடு கிழித்ததுபோல் இருக்கும், சட்டென்று முடிகிற ஹார்டு கிராடு பொருந்தும் என்று தோன்றும். ஆனால் கரையில் நாலு பனை இருக்கும், பின்னால் ஒரு கோபுரம் இருக்கும். ஹார்டு போட்டால் பனந்தலையெல்லாம் கரிக்கட்டை. சாஃப்ட்தான் பாதுகாப்பு. இன்னொன்று, 16 மிமீயில் லென்ஸ் ஃபில்டரின் பெரும்பகுதியைப் பார்ப்பதால் மாறும் பட்டை குறுகலாகத் தெரியும். அதே ஃபில்டரை 70 மிமீயில் போட்டால் பட்டை அகன்று, எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஆகவே அகலக்கோணத்துக்குச் சாஃப்ட் மெத்தனமாக இருக்குமோ என்ற பயம் வேண்டாம்.

கிராடின் 100×150 மிமீ அளவில் ஏன் 50 மிமீ நீளம் கூடுதல் என்பதையும் எழுதுங்கள். மேலும் கீழும் நகர்த்தித் தொடுவானத்தில் நிறுத்தத்தான். திருகுகிற வட்டக் கிராடில் கோடு நடுவிலேயே மாட்டிக்கொள்ளும்.

பள்ளத்தூர்

கணிதத்தில் கிரேடியன்ட் சரிவு. சரிவு வடிப்பான். ஹார்டு வெட்டுச்சரிவு, சாஃப்ட் மென்சரிவு. வடிப்பான் என்று எழுதியதால் ஒப்புக்கொண்டேன் என்று கொள்ள வேண்டாம்.

தேவகோட்டை

மென்சரிவு அழகு.

காரைக்குடி

எடுத்துக்கொண்டேன். அடாப்டர் ரிங் ‘பொருத்துவளையம்’. திருகினாலும் கவ்வினாலும் பொருத்துவதுதான். விக்னெட்டிங்?

கானாடுகாத்தான்

மூலைக்கருக்கல்.

பள்ளத்தூர்

கருக்கல் விடியலுக்கு முந்தைய மங்கல் அல்லவா? நிலக்காட்சி எடுப்பவர் கருக்கலில்தான் கிளம்புகிறார். ‘கருக்கலில் மூலைக்கருக்கல்’ என்று எழுத நேரும். ஓரநிழல் என்க.

கோட்டையூர்

ஓரநிழல் தவறான பொருள் தரும். லென்சே இயல்பாக ஓரத்தை மங்கலாக்குவது ஒன்று. அது மென்பொருளில் போய்விடும். ஏந்தியின் விளிம்பு படத்துக்குள் வந்து மூலையை அடைப்பது வேறு; அதை வெட்டித்தான் எறிய வேண்டும். கையேடு சொல்வது இரண்டாவதை. ‘மூலையடைப்பு’ என்றால் காரணமும் சேர்ந்து வரும்.

சோதிக்கும் முறையையும் போடுங்கள். மிகக் குறைந்த குவியத்தூரம், எஃப்16, ஃபோகஸ் முடிவிலியில். வெள்ளைச் சுவரை எடுக்கவும். முட்டைச்சாந்து மெருகு போட்ட நம் வீட்டுச் சுவர் வேண்டாம், பளபளப்பில் ஒளித்திட்டு விழும். சுண்ணாம்புச் சுவர் போதும். ஏந்தியை நேராக வைத்து ஒன்று, சாய்த்து ஒன்று. நேராக இருக்கையில் தப்பிக்கிற தொகுதி சாய்த்ததும் மாட்டிக்கொள்ளும். உள்ளே யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிட்டுப் பார்க்கவும். அந்தச் சில மிமீ கனமே பாதிக் காரணம். போலரைசரை ஏந்திக்கு முன்னால் மாட்டுவதைவிட, ஏந்தியின் உள்ளே, லென்சை ஒட்டி மாட்டிப் பற்சக்கரத்தால் சுழற்றுகிற வகை அகலக்கோணத்துக்கு நல்லது. ஆனாலும் 16 மிமீயில் வானத்தில் ஒரு கருநீலப் பட்டை விழும். சூரியனுக்கு 90 பாகையில் விளைவு அதிகம், மற்ற இடத்தில் குறைவு. அவ்வளவு அகலத்தில் இரண்டும் ஒரே படத்தில் வந்துவிடும். எந்த ஏந்தி வாங்கினாலும் அது தீராது.

கானாடுகாத்தான்

பொருத்துவளையம் இறுகிப்போனால் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்க்கலாம். அலுமினியத்தோடு அலுமினியம் கவ்விக்கொள்ளும், பித்தளை அவ்வளவாகக் கவ்வாது. இரண்டு விரலால் நசுக்கித் திருகினால் வளையம் வட்டம் கெட்டு இன்னும் இறுகும். ரப்பர்ச் செருப்பின் அடியைத் துடைத்து, வளையத்தின் முகத்தில் சமமாக அழுத்தித் திருப்பினால் கழன்றுவிடும்.

காரைக்குடி

அச்சகம் இன்று மாலைவரை நேரம் கொடுத்திருக்கிறது. போகிற வடிவம்: வடிப்பான், ஏந்தி, பொருத்துவளையம், காடி, சரிவு வடிப்பான், மூலையடைப்பு. என்டி, போலரைசர் அப்படியே. 1/30 நொடி பத்து ஸ்டாப்பில் 34 நொடியாகும், ஆகவே ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைக்கும் பல்பு முறை தேவை என்ற வரியும், முதல் காடியில் பஞ்சுப்பட்டை இல்லாவிட்டால் பக்கத்திலிருந்து ஒளி கசிந்து படத்தின் நடுவில் வெளிறிய பட்டை விழும் என்ற வரியும் சேர்ந்துவிட்டன.

பள்ளத்தூர்

என்டி வடிப்பதில்லை என்ற என் மறுப்பை அடிக்குறிப்பிலாவது சேர்க்க வேண்டுகிறேன். போலரைசர் தமிழ்ச் சொல் அல்ல என்பதையும்.

காரைக்குடி

அடிக்குறிப்புக்கு இடமில்லை ஐயா. செருப்பு வரி எடுத்துக்கொண்டது.

பள்ளத்தூர்

இரண்டாம் பதிப்பில் ஒளியரி பற்றி மீண்டும் எழுதுவேன்.