மனந்திரும்புதல் பாடம்: ஈடுகட்டுவதை எப்படிச் சொல்லித் தருவது?

எல்லோருக்கும் ஸ்தோத்திரமுங்க. காங்கேயம் பக்கத்துக் கிராமச் சபைகளுக்காக லெந்து நாட்களுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) நாலு பாடம் தயாரிக்கிறோம். ஒரு இடத்தில் சிக்குகிறது.

'மெட்டனோயா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மனம் மாறுவது என்றுதான் பொருள், அழுகை கட்டாயமில்லை. இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அவரைத் தெரியாதென்று மறுதலித்த பேதுரு, இருவருமே மனம் நொந்தவர்கள்தான். ஒருவன் காசைத் திருப்பி எறிந்தும் நான்றுகொண்டான், மற்றவர் இயேசுவிடம் திரும்பினார். இதுவரை சனங்களுக்குப் புரிந்துவிடும்.

தடுமாற்றம் ஈடுகட்டுவதில்தான், அதாவது அநியாயமாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது: 10,000 ரூபாய்க்கு 12,000. அநியாயமாய் வாங்கினதைத் திருப்பித் தருவதாக வரிவசூல் தலைவன் சகேயு சொன்ன 'நாலத்தனை' (நாலு மடங்கு), யாத்திராகமம் 22:1-ல் ஆடு திருடினவனுக்கான கணக்கு. இதைச் சொன்னதும் "அப்போ கொடுத்தாத்தான் மன்னிப்புங்களா?" என்கிறார்கள். இல்லை, இயேசு அவனைப் பேர்சொல்லி மரத்திலிருந்து இறங்கி வரச் சொன்ன பிறகுதான் சகேயு கணக்கைத் திறக்கிறான். ஆனால் கிருபையோடு மட்டும் நிறுத்தினால், வரப்பை ஒரு அடி தள்ளி வெட்டினவர் ஜெபத்தில் கண்ணீர் விடுவார், வரப்பு அங்கேயே கிடக்கும்.

பாடம் நடத்தின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. நட்டப்பட்டவர் இறந்து, வாரிசும் இல்லையென்றால் எண்ணாகமம் 5:8 ஆசாரியனைக் காட்டுகிறது. இன்று யாரிடம் கொடுக்கச் சொல்கிறீர்கள்? சீட்டுப் பணத்தில் ஏமாந்தவரை "உடனே மன்னிச்சிருங்க" என்று நெருக்காமல், 'ஏழெழுபது தரமும் மன்னி' என்கிற மத்தேயு 18:22-ஐ எப்படி நடத்துகிறீர்கள்? ஒரு பாடத்துக்கு 40 நிமிஷம்தான், பாட்டும் அதற்குள்ளேயே.