கெட்டவன் நல்ல பேச்சாளன் ஆக முடியுமா? குயின்டிலியன் சொன்னது சரிதானா?

சுவடிப்பித்தன்:
ரோமில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த குயின்டிலியன், கி.பி. 95 வாக்கில் 12 பகுதிகளாக எழுதிய நூலின் கடைசிப் பகுதியில் ஒரே பிடியாக நிற்கிறார். நல்லவன் மட்டும்தான் பேச்சாளன், கெட்டவன் எவ்வளவு சரளமாகப் பேசினாலும் அந்தப் பெயர் அவனுக்குக் கிடையாது. பேராசையும் பொறாமையும் குடியிருக்கும் மனதில் படிப்புக்கு இடம் எங்கே என்று கேட்கிறார். எனக்கு இது முழுக்கச் சரி என்று படுகிறது.

எதிர்க்கரை:
எனக்குப் படவில்லை. கி.பி. 59இல் ரோமப் பேரரசன் நீரோ தன் தாயைக் கொன்றான். அதை நியாயப்படுத்தி செனட்டுக்கு, அதாவது ரோமின் ஆட்சி மன்றத்துக்கு, போன கடிதத்தை எழுதிக்கொடுத்ததற்காக, அவன் ஆலோசகராக இருந்த தத்துவவாதி செனெகாவை ஊர் தூற்றியது என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். மனிதனின் வாழ்க்கை எப்படியோ அப்படித்தான் அவன் பேச்சு என்பதை விளக்கி ஒரு முழுக் கடிதம் எழுதியவரும் அதே செனெகாதான். அப்புறம், நல்ல காரணம் இருந்தால் நீதிபதியிடம் உண்மையை மறைக்கலாம் என்று உங்கள் குயின்டிலியனே அந்த 12ஆம் பகுதியில் இடம் கொடுக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மணல்மேடு:
குணம் இருக்கட்டும், உழைப்பைப் பாருங்கள். கி.மு. 70இல் சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரெஸ் மீதான வழக்கில், குற்றம்சாட்டி வாதாடிய ரோமப் பேச்சாளர் சிசெரோ 110 நாள் அவகாசம் வாங்கி, 50 நாளில் சிசிலி முழுக்க அலைந்து கணக்கேடுகளையும் சாட்சிகளையும் திரட்டிக்கொண்டு வந்தார். நீதிமன்றத்தில் நீட்டி முழக்கவில்லை, சுருக்கமாகப் பேசிவிட்டுச் சாட்சிகளை வரிசையாக நிறுத்தினார். தீர்ப்பு வரும் முன்பே வெர்ரெஸ் ரோமை விட்டுக் கிளம்பிவிட்டான். விஷயத்தைப் பிடி, சொல் தானே வரும் என்று பழைய ரோம அரசியல்வாதி மூத்த காட்டோ சொன்னது இதைத்தான்.

சுவடிப்பித்தன்:
சரி, அந்த 50 நாள் அலைச்சல் குணத்தில் சேராதா நண்பரே? உண்மையை மறைப்பது பற்றிய இடம் எனக்கும் உறுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதரை முழுதாகப் பாருங்கள். குழந்தை விளையாடிக்கொண்டே படிக்கத் தந்தத்தில் எழுத்து செய்து கொடுங்கள், பலகையில் எழுத்தைக் குழித்துச் செதுக்கினால் எழுதுகோல் பள்ளத்தை விட்டு விலகாது என்கிறார். பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்று அந்தக் காலத்திலேயே எழுதினார். 6ஆம் பகுதியின் முன்னுரையில், 9 வயதில் இறந்த தன் மகன் கடைசி நேரப் பிதற்றலிலும் பள்ளிக்கூடத்தையும் பாடத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தான் என்று எழுதும் இடத்தை என்னால் நிறுத்தாமல் படிக்க முடிந்ததில்லை.

எதிர்க்கரை:
எனக்கும் அந்த இடம் தொண்டையை அடைத்தது. நல்ல ஆசிரியர் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் 4ஆம் பகுதிக்கும் ஒரு முன்னுரை இருக்கிறது. செனட்டர்களைக் கொன்று குவித்த பேரரசன் டொமிஷியன், தன் சகோதரியின் பேரன்களுக்குப் பாடம் சொல்ல இவரை அமர்த்தியதும், அவனைத் தெய்வம் என்றே சொல்லித் துணைக்கு அழைத்து எழுதிய முன்னுரை அது. இரண்டையும் எழுதியது ஒரே கை.