செக்ரடேரியட் பொலிகுதிரையாகத் தோற்றதா? எதை வைத்துச் சொல்வது?

கிண்டிக்கரை:
செக்ரடேரியட் பேச்சு வந்தாலே "ஓட்டத்தில் ராஜா, இனவிருத்தியில் பூஜ்யம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1973இல் அமெரிக்காவின் ட்ரிபிள் கிரவுனை, அதாவது கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் ஆகிய மூன்று பந்தயங்களையும், வென்ற குதிரை. அதற்கு நிகராக அதன் குட்டி ஒன்றும் ஓடவில்லை என்பதும் உண்மைதான். ஒரு தரோபிரெட்டின் (பந்தயக் குதிரை இனம்) ஓட்டக் கணக்கை எப்படிப் படிப்பது, பொலிகுதிரையாக (இனவிருத்திக்கான ஆண்குதிரையாக) அது சாதித்ததை எப்படி அளப்பது? குட்டிகள் சம்பாதித்த மொத்தப் பரிசுத்தொகையைப் பார்த்தால் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொல்லுங்கள்.

ஸ்டாப்வாட்ச்:
முதலில் ஓட்டத்தைப் பார்த்துவிடுவோம். 21 ஓட்டம், 16 வெற்றி, 3 இரண்டாமிடம், 1 மூன்றாமிடம், 1 நான்காமிடம். இந்த வரியை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்தப் பந்தயம், யாரோடு, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

பெல்மான்ட்டில் 31 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசம் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அன்று ஓடியவை ஐந்தே குதிரைகள். டெர்பியிலும் பிரீக்னஸிலும் இரண்டாவதாக வந்த ஷாம், ஆரம்பத்தில் செக்ரடேரியட்டோடு மல்லுக்கட்டிச் சோர்ந்து கடைசியில் வந்தது. எதிராளி உடைந்துபோனால் இடைவெளி தானாகவே பெருகும். அதனால் இடைவெளியை நேரத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றரை மைலுக்கு 2 நிமிடம் 24 வினாடி. அதற்கு முன் 1957இல் கேலன்ட் மேன் வைத்த பந்தய சாதனை 2:26.6. ஆக, பழைய சாதனையைவிட 2.6 வினாடி குறைவு. வினாடிக்கு ஐந்து லெங்த் என்று தோராயமாக வைத்தால் 13 லெங்த். எதிராளிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நிற்கிற எண் இது.

கென்டக்கி டெர்பியில் ஒவ்வொரு கால் மைலுக்கும் எடுத்த வினாடிகள் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகின்றன: 25.2, 24, 23.8, 23.4, 23. ஒவ்வொரு கால் மைலும் முந்தையதைவிட வேகம். ஒன்றேகால் மைல் ஓட்டத்தில் எந்தக் குதிரையும் கடைசியில் தளரும். இது கடைசிவரை வேகம் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

அடுத்து வயது. மூன்று வயதுக் குதிரை தன் வயதுக் குதிரைகளை வெல்வது பாதிச் சோதனைதான். மார்ல்பரோ கப்பில் ரிவா ரிட்ஜ், கூகர் போன்ற மூத்த குதிரைகளை 1:45.4இல் தோற்கடித்தது. பிறகு புல்தரையிலும் இரண்டு பெரிய பந்தயங்கள் வென்றது. தோல்விகளையும் மறைக்கக் கூடாது: விட்னியில் ஆனியனிடமும், உட்வர்டில் ப்ரூவ் அவுட்டிடமும் தோற்றது. இரண்டு வயதில் ஷாம்பெயின் ஸ்டேக்ஸில் முதலில் வந்தும், குறுக்கிட்டதற்காக இரண்டாமிடத்துக்கு இறக்கப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் பந்தயங்களைத் தரம் பிரிக்கும் கிரேடு முறையே (கிரேடு 1தான் உச்சம்) 1973இல்தான் தொடங்கியது. அதற்கு முன் ஓடிய குதிரைகளோடு "கிரேடு 1 எத்தனை" என்று எண்ணிப் பார்ப்பது தப்புக் கணக்கு.

வம்சாவளி:
ஸ்டாப்வாட்ச் சொன்னதில் மாற்றமில்லை. நான் அப்பன் கணக்குக்கு வருகிறேன்.

மொத்தப் பரிசுத்தொகை போதாது. ஒரே குட்டி ஒரு பெரும் பந்தயத்தை அடித்தால் அப்பன் பட்டியலில் ஏறிவிடும். நிறையக் குட்டி போட்டவனும் ஏறுவான். அந்தக் காலத்தில் ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு நாற்பது சொச்சம் பெட்டைகள்தான். இன்று 150க்கு மேல் போவது சாதாரணம். எண்ணிக்கையை எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பழைய குதிரைகளுக்கு அநியாயம்.

விகிதத்தைப் பாருங்கள். செக்ரடேரியட்டுக்குப் பெயரிடப்பட்ட குட்டிகள் 663, வென்றவை 341, ஸ்டேக்ஸ் எனப்படும் பெரிய பந்தயங்களை வென்றவை 54. அதாவது 8.1 சதவீதம். வகுக்கும் எண் எது என்பதில்தான் விளம்பரங்கள் ஏமாற்றும். பிறந்த குட்டிகளால் வகுத்தால் ஒரு விகிதம், ஓடிய குட்டிகளால் வகுத்தால் அதைவிட அழகான விகிதம். காலே சரியில்லாமல் களத்துக்கு வராத குட்டிகள் இரண்டாவது கணக்கில் காணாமல் போய்விடும். எப்போதும் பிறந்த குட்டிகளாலேயே வகுங்கள்.

10 சதவீதம் எட்டினால் நல்ல பொலிகுதிரை என்பது பண்ணைக்காரர்களின் பொதுவான அளவுகோல். நார்தர்ன் டான்சர் என்ற பொலிகுதிரைக்கு 645 குட்டிகளில் ஸ்டேக்ஸ் வென்றவை 147, கிட்டத்தட்ட 23 சதவீதம். அதன் பக்கத்தில் 8.1 சிறிதுதான், ஆனால் பூஜ்யம் அல்ல. குட்டிகளின் பெயரைப் பாருங்கள்: 1986இன் ஹார்ஸ் ஆஃப் த இயர் (அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த குதிரை) லேடிஸ் சீக்ரெட், 1988இல் பிரீக்னஸும் பெல்மான்ட்டும் வென்ற ரைசன் ஸ்டார், 1990 மெல்போர்ன் கப்பை 3:16.3 என்ற சாதனை நேரத்தில் வென்ற கிங்ஸ்டன் ரூல்.

பின் ஏன் தோல்வி என்ற பேச்சு? எதிர்பார்ப்பு அப்படி. மூன்று வயதில் ஓடும் முன்பே 32 பங்கு, பங்குக்கு 1,90,000 டாலர் என்று 60.8 லட்சம் டாலருக்கு சிண்டிகேட் ஆனது, அதாவது பலருக்குப் பங்கு போட்டு விற்கப்பட்டது. செக்ரடேரியட்டின் அப்பன் போல்ட் ரூலர் எட்டு முறை அமெரிக்காவின் முதன்மைப் பொலிகுதிரை (அந்த ஆண்டு குட்டிகள் அதிகம் சம்பாதித்த அப்பன்). அந்த விலை கொடுத்தவர்கள் இன்னொரு போல்ட் ரூலரை எதிர்பார்த்தார்கள்.

காலமும் ஒரு காரணம். 1974இல் சேர்த்தால் 1975இல் குட்டி, 1977இல் இரண்டு வயது ஓட்டம், 1978இல்தான் மூன்று வயது. சந்தையோ முதல் தலைமுறையின் இரண்டு வயது ஓட்டத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது. லேடிஸ் சீக்ரெட் பிறந்ததே 1982இல்.

கிண்டிக்கரை:
நன்றி. ஆனால் அவ்வளவு விலை கொடுத்தவர்கள் நல்ல பெட்டைகளைத்தானே அனுப்பியிருப்பார்கள்? அதைக் கழித்தால் 8.1 இன்னும் இறங்காதா?

வம்சாவளி:
இறங்கும். அதற்குத்தான் இரண்டு குறியீடுகள். குட்டிகளின் சராசரி வருமானத்தை அந்த ஆண்டு அந்த நாட்டில் ஓடிய எல்லாக் குதிரைகளின் சராசரியோடு ஒப்பிடுவது ஏ.ஈ.ஐ. (சராசரி வருமானக் குறியீடு). சராசரி என்றால் 1.00. அதே பெட்டைகள் வேறு பொலிகுதிரைகளுக்குப் போட்ட குட்டிகளுக்கு அதே கணக்கைப் போட்டால் சி.ஐ. (ஒப்பீட்டுக் குறியீடு). உதாரணத்துக்கு, ஏ.ஈ.ஐ. 2.00, சி.ஐ. 2.50 என்று வந்தால் அப்பன் சராசரியைவிட மேல் போலத் தெரியும். உண்மையில் பெட்டைகளின் தரத்தை அவன் கீழே இழுத்திருக்கிறான். ஏ.ஈ.ஐ. 1.40, சி.ஐ. 1.10 என்றால் சாதாரணப் பெட்டைகளைத் தூக்கிவிட்டவன். நான் இரண்டாமவனைத்தான் தேர்ந்தெடுப்பேன். குட்டிகள் குறைவாக இருந்தால் மட்டும் இந்தக் குறியீடுகளை நம்ப வேண்டாம், ஒரே குதிரை எண்ணை ஏற்றிவிடும்.

தாய்வழி:
மகள்களை இன்னும் யாரும் தொடவில்லையே. செக்ரடேரியட்டின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. மகள் டெர்லிங்குவா பெற்றது ஸ்டார்ம் கேட். மகள் வீக்எண்ட் சர்ப்ரைஸ் பெற்றது ஏ.பி. இண்டி. மகள் செக்ரடேம் பெற்றது கான் வெஸ்ட். ஸ்டார்ம் கேட் 1999, 2000இலும், ஏ.பி. இண்டி 2003, 2006இலும் வட அமெரிக்காவின் முதன்மைப் பொலிகுதிரைகள். 1992இல் தாய்வழித் தாத்தாக்களின் பட்டியலில் முதலிடம் செக்ரடேரியட்டுக்கே. மகன்கள் வழியோ நிலைக்கவில்லை.

பெரிய இதயம் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகள்களுக்குப் போனது என்பார்கள். பொலிகுதிரையின் எக்ஸ் மகள்களுக்கு மட்டும்தான் போகும் என்பது சரி. இதய அளவை ஒரே மரபணு முடிவு செய்கிறது என்பது நிரூபணமாகவில்லை. இறந்தபின் சொல்லப்பட்ட 22 பவுண்டு என்பதும் எடைபோட்ட எண் அல்ல, கண்ணால் மதிப்பிட்டது. அதை வைத்து யாரும் பெட்டை வாங்க வேண்டாம். மகள்களின் குட்டிகள் என்ன ஓடின என்பதை மட்டும் பாருங்கள். அந்தக் கணக்கு முழுதாக வெளிவர இருபது ஆண்டுகளாவது ஆகும்.

ஸ்டாப்வாட்ச்:
எதிர்த்திசை உதாரணம் ஒன்று: டான்ஸிக். முழங்கால் கோளாறால் மூன்றே ஓட்டம், மூன்றும் வெற்றி, பெரிய பந்தயம் ஒன்றுகூட இல்லை. 1991 முதல் 1993 வரை தொடர்ந்து மூன்று ஆண்டு அமெரிக்காவின் முதன்மைப் பொலிகுதிரை. ஓட்டக் கணக்கு மெலிந்திருந்தால் அது வேகம் இல்லாததாலா, கால் கெட்டதாலா என்று பிரித்துப் பாருங்கள். கால் என்றால் அடுத்த கேள்வி, அது அடிபட்டதா, பிறவிக் கோணலா. பிறவிக் கோணல் குட்டிக்கும் இறங்கலாம். அப்படிப்பட்ட பொலிகுதிரைக்கு நேரான முன்னங்கால் உள்ள பெட்டையைத்தான் சேர்க்க வேண்டும்.