மலையில் லெதர் சீட்: பூஞ்சணம், வாந்தி, குரங்கு

கோத்தகிரியிலிருந்து:

கோயம்புத்தூர் நண்பர்களிடம் லெதர் சீட் என்று சொன்னால் உடனே வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். வெயில் பட்டு வெடித்துவிடும், மாதாமாதம் தோலுக்குப் பூசும் கண்டிஷனர் போடு என்பார்கள். அந்தக் கணக்கு நம் மலைக்கு ஒத்துவராது. இங்கே சீட்டுக்கு எதிரி ஈரம். ஐப்பசி மழையில் கார் பத்து நாள் ஷெட்டில் பூட்டிக் கிடந்தால் போதும், தையல் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் ஏறிவிடும்.

என்னுடையது செகண்ட் ஹேண்ட் கார். முன்பு வைத்திருந்தவர் பளபளப்புக்காக முன்சீட் இரண்டிலும் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார். கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை. தையல் நூல் கறுத்துப்போய், எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் வட்ட வட்டமாகப் பூஞ்சணம். பின்சீட்டை அவர் தொடவில்லை போல, அதே காரில் அது பளிச்சென்று இருந்தது.

குன்னூரில் சீட் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஓரத்தை இழுத்துப் பிடித்து, "உட்காருற இடம் மட்டும்தான் தோல் தம்பி, பக்கமெல்லாம் ரெக்சின்" என்றார். பின்புறம் நார் நாராக இருந்தால் தோல், துணி ஒட்டியிருந்தால் ரெக்சின். இன்றைய கார்களில் நிஜத் தோலாக இருந்தாலும் அதன்மேல் நிறப்பூச்சும், அதற்கும் மேலே மெல்லிய பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே இறங்குவது கடினம். மேலேயே நின்று தூசியைப் பிடித்து வைத்துப் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு போடும், அவ்வளவுதான்.

வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாளில் நான்கு கதவையும் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் பூஞ்சணத் தூள் பறந்து கார் முழுக்கப் பரவும். அதனால் முதலில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியைப் புதுப் பக்கமாக மடித்துக்கொண்டேன். அப்புறம் லெதர் கிளீனரை மெத்தென்ற பிரஷ்ஷில் விட்டு, உள்ளங்கை அகல இடமாகத் தேய்த்தேன். நுரை டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. உடனுக்குடன் துடைத்துவிட வேண்டும், காயவிடக் கூடாது. துணி சோப்பு, பாத்திர லிக்விட் பக்கமே போகாதீர்கள். பதப்படுத்திய தோல் லேசான அமிலத் தன்மையில் இருக்கும், சோப்போ காரம். கண்டிஷனரை நான் பனிக்காலம் முடிந்து வறண்ட காற்று வீசும் மாசி, பங்குனியில் மட்டும், அதுவும் பட்டும் படாமல் போடுகிறேன். மழைக்கு முன்னால் போடுவது வேண்டாத வேலை.

ஊட்டியிலிருந்து, டாக்ஸி ஓட்டுகிறவர்:

அண்ணா சொல்வது வீட்டுக் காருக்குச் சரி. எங்கள் பிழைப்பில் பூஞ்சணத்துக்கு முன்னால் வந்து நிற்பது வாந்தி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள் 14 கொண்டை ஊசி வளைவு. கல்லட்டிப் பக்கம் 36. கீழே வயிறு முட்ட டிபன், குழந்தைக்கு ஒரு டம்ளர் பால், பர்லியார் தாண்டியதும் எல்லாம் வெளியே.

பெரியவர்களாவது கவரைப் பிடிப்பார்கள். குழந்தை வாந்தி நேராக சீட்டும் சாய்மானமும் சேரும் இடுக்கில் இறங்கும். பதறிப்போய்த் துடைத்தால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். பழைய விசிட்டிங் கார்டு ஒன்றால் கீழிருந்து மேலாக வழித்து எடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் பிழிந்த துணி. வெந்நீர் வேண்டவே வேண்டாம், பால் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இடுக்கைக் கையால் விரித்து உள்தையல் வரை துடைக்காவிட்டால் மறுநாள் ஏசி போட்டதும் தெரிந்துவிடும். சின்னச் சின்ன ஓட்டை போட்ட லெதராக இருந்தால் இன்னும் கவனம். அதில் எதையும் நேராக ஊற்றவோ அடிக்கவோ கூடாது, அடியில் ஸ்பாஞ்ச் குடித்துவிடும்; சில கார்களில் சீட்டுக்குக் காற்று விடும் ஃபேனும் அதன் கீழேதான் இருக்கிறது.

வாடை போகட்டும் என்று எங்கள் ஸ்டாண்டில் சிலர் யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் விட்டுத் துடைப்பார்கள். ஊரெல்லாம் கிடைக்கிற சாமான், கை தானாகப் போகும். ஆனால் தைலம் பிசினையே கரைக்கும், பூச்சை மட்டும் விட்டுவிடுமா? ஒருவருடைய க்ரீம் கலர் சீட்டில் துணியோடு நிறமும் வந்துவிட்டது. வாடை மட்டும் அப்படியே இருந்தது.

சாக்லேட்டையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக் குளிரில் கல் மாதிரி இருக்கும், மேட்டுப்பாளையம் இறங்கினால் சீட்டில் உருகி ஓடும். தேய்க்காமல் ஐஸ் பையை மேலே வைத்து இறுகவிட்டால் பெயர்ந்து வந்துவிடும்.

குன்னூரிலிருந்து:

எனக்குக் குரங்கு. காட்டேரிப் பக்கம் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன மாமா வண்டியில், வர்க்கி பாக்கெட்டுக்காக உள்ளே குதித்தது. வெளியே வரும் அவசரத்தில் சாய்மானத்தில் நான்கு கோடு கிழித்தது. கிழிசலை மறைக்க முழு சீட் கவர் போடச் சொன்னார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். அந்தக் காரில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று வழி விடாமல் தைத்த கவர் அது விரிவதைத் தடுக்கும். அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்து மாற்றித் தைத்தோம், நிறம் கொஞ்சம் வேறு. மாமா கண்டுகொள்ளவில்லை, அத்தைதான் இன்னும் முணுமுணுக்கிறார்.

கூடலூரிலிருந்து:

கோத்தகிரி அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. சீட்டைத் துடைத்தும் பூஞ்சணம் திரும்ப வந்தால் சீட்டை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். எங்களுக்கு ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை மழை. தம்பியின் காரில் எத்தனை தடவை துடைத்தும் வந்துகொண்டே இருந்தது. ரப்பர் மேட்டைத் தூக்கிக் கீழே இருந்த கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் கொப்பளித்தது. முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பர் பக்கம், மழைத்தண்ணீர் வடியும் துளையைச் சில்வர் ஓக் இலை அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. சன்ரூஃப் வண்டிக்கு அதன் நான்கு மூலைத் துளைகளையும் பார்க்க வேண்டும். இலையை அள்ளி, கார்பெட்டைத் தூக்கிக் காயவைத்த பிறகுதான் சீட் அடங்கியது.

மூடுபனி நாளில் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்தால் ஈரம் போகும் என்பார்கள், வெளியேதான் அதைவிட ஈரம். வீடு வந்து சேருமுன் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று பட்டனில் விடுங்கள். ஏசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நனைந்த குடையும் ஜெர்கினும் டிக்கியில் இருக்கட்டும்.